லிஃப்ட்டைப் புதுப்பிக்கிறோம்: ஏன், எப்படி, எந்தப் பணத்தில்?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சற்று முன் வாசித்தார். அதில் ‘லிஃப்ட் புனரமைப்பு’ என்று இதுவரை இல்லாத ஒரு தலைப்பைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு லிஃப்ட்டுக்கும் சேர்த்து, 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட 22 லட்சம் ரூபாய். நமக்கு இது பெரிய தொகை. இந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம், எத்தனை குமர்களைக் கரையேற்றலாம் என்று உங்களில் பலர் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். நிர்வாகக் குழுவிலும் அந்தக் கணக்கு போடப்பட்டது. அதனால் இந்த ஒரு செலவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதி கேட்டோம்.

மூன்று மாதமாக முன்பக்க லிஃப்ட் பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று பலவிதமாகப் பேச்சு அடிபடுகிறது. நடந்தது இதுதான். ஒரு நாள் மாலை, தையல் வகுப்பு முடிந்து ஆசிரியை மூன்றாம் மாடியில் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தார். வெளிக் கம்பிக் கதவில் கை வைத்து இழுத்தார், திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை. அது தரைத்தளத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் அந்தச் சகோதரி காலை எடுத்து வைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், கதை அத்தோடு முடிந்தது. அன்று இரவே அந்த லிஃப்ட்டை நிறுத்தினோம். மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், கதவுப் பூட்டின் கொக்கி தேய்ந்து வழவழப்பாகிவிட்டதைக் காட்டினார். அதே பூட்டு இப்போது கிடைப்பதில்லை. செய்த கம்பெனி அந்த மாதிரியை நிறுத்திப் பல வருடமாகிறது.

லிஃப்ட் என்றதும் நம் மக்களுக்கு வருகிற பயம், கயிறு அறுந்து கீழே விழுந்துவிடுமோ என்பதுதான். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் அது மிக மிக அரிது. ஒரு கயிறு அல்ல, பல உருக்குக் கயிறுகள் சேர்ந்துதான் கூண்டைத் தாங்குகின்றன. வரக்கூடிய பாரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும்படி அவற்றைக் கணக்கிட்டுப் போடுவார்கள். அப்படியும் ஏதாவது ஆகி, கூண்டு அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால், கவர்னர் என்கிற கருவி அதை உணர்ந்து, கூண்டுக்கு அடியிலுள்ள இரும்புப் பிடிகளை இறுக்கித் தண்டவாளத்தோடு கவ்வி நிறுத்திவிடும். இப்படி ஓர் ஏற்பாட்டை எலிஷா ஓடிஸ் என்ற அமெரிக்கர் 1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டினார். மேடை ஒன்றில் தானே ஏறி நின்று, மேலே தூக்கச் சொல்லி, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே சறுக்கி நின்றுவிட்டது. அதற்கு மூன்று வருடம் கழித்து, 1857-ல், அவருடைய முதல் பயணிகள் லிஃப்ட் நியூயார்க்கில் ஒரு கடைக் கட்டடத்தில் போடப்பட்டது. அந்தக் கட்டடமும் நம்முடையதைப் போல ஐந்து தளம்தான்.

ஆகவே கயிறு அல்ல பிரச்சினை. பழைய லிஃப்ட்டில் ஆளைக் காவு வாங்குவது கதவு. அதைத்தான் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால் நம்மில் பலர் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிகளிலும் இதே மாதிரி கம்பிக் கதவு லிஃப்ட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு தளத்திலும் உள்ள வெளிக் கதவின் பூட்டுக்கு இரண்டு வேலை. கூண்டு அந்தத் தளத்தில் வந்து நின்றால் ஒழிய கதவு திறக்கக் கூடாது, இது ஒன்று. எந்தத் தளத்தில் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தாலும் கூண்டு நகரக் கூடாது, இது இன்னொன்று. முதல் வேலையைச் செய்வது கொக்கி, இரண்டாவது வேலையைச் செய்வது மின் தொடர்பு. இரண்டும் நாளடைவில் தேயும். மின் தொடர்பு தேய்ந்தால் லிஃப்ட் அடிக்கடி நடுவழியில் நிற்கும். அப்போது பல கட்டடங்களில் ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: கதவின் தொடர்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி ஒரு சிறு ஒயரைப் போட்டு இணைத்துவிடுவார்கள். லிஃப்ட் அதன்பிறகு நிற்காமல் ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். ‘ரிப்பேர் பண்ணியாச்சு, இப்போது ஒரு தொல்லையும் இல்லை’ என்று எல்லோருக்கும் சந்தோஷம். சாவு அந்த ஒயரில் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் கதவு சாத்தாமலேயே லிஃப்ட் நகர்வதைப் பார்த்தால், அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

கம்பிக் கதவுக்கு இன்னொரு குறையும் உண்டு. குழந்தைகள் கம்பிகளின் இடுக்கில் கையை, காலை நீட்டுவார்கள். கூண்டு நகரும்போது சுவர் பக்கத்தில் ஓடும். துப்பட்டா நுனி, புடவைத் தலைப்பு, புர்காவின் ஓரம் எதுவும் இடுக்கில் போகலாம். எனவே நாம் முதலில் மாற்றுவது கதவுகளைத்தான். உள்ளும் புறமும் இடைவெளியில்லாத, தானாகத் திறந்து மூடும் தகட்டுக் கதவுகள். வாசலின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்த் திரை இருக்கும். குறுக்கே யாராவது வந்தால் கதவு மூடாமல் திரும்பிவிடும்.

அடுத்து, தரைமட்டம். நம் லிஃப்ட் மாடியில் நிற்கும்போது சில சமயம் இரண்டு விரற்கடை மேலே நிற்கும், ஆள் நிறைய ஏறினால் இரண்டு விரற்கடை கீழே நிற்கும். எத்தனை பேருக்கு அதில் கால் தடுக்கியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நம்முடையது இரண்டே வேகம் கொண்ட பழைய மோட்டார். வேகமாகப் போகும், பிறகு மெதுவாகப் போகும், பிரேக் பிடித்து நிற்கும். பாரத்துக்குத் தகுந்தபடி பிரேக் கொஞ்சம் முன்னே பின்னே பிடிக்கும். புதிய ஏற்பாட்டில் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே கூட்டிக் குறைத்து மோட்டாரை ஓட்டுகிறார்கள். எவ்வளவு பாரம் இருந்தாலும் தரையோடு தரையாக வந்து நிற்கும். கரண்ட் செலவும் குறையும். ஆனால் கரண்ட் பில்லுக்காக இதைச் செய்யவில்லை. கைத்தடி ஊன்றி வருகிறவர்களுக்காகச் செய்கிறோம்.

மொட்டை மாடி அறையில் ‘டக், டக்’ என்று சத்தம் போடும் இரும்பு அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லிஃப்ட்டின் மூளை. ரிலே என்கிற சிறு சுவிட்சுகள் நூற்றுக்கணக்கில் அடித்து அடித்துக் கருகிப் போயிருக்கின்றன. அதை எடுத்துவிட்டு மைக்ரோபிராசசர் பலகை வைக்கிறோம். இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தோம். சில கம்பெனிகளின் பலகையை அவர்களுடைய கருவியும் ரகசிய எண்ணும் இல்லாமல் வேறு யாரும் திறக்க முடியாது. வைத்த பிறகு, காலம் முழுக்க அவர்கள் சொன்னதுதான் விலை. ஆகவே எந்தத் தகுதியுள்ள மெக்கானிக்கும் கையாளக்கூடிய பலகைதான் வேண்டும், அதன் வரைபடமும் எண்ணும் நம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. மிகக் குறைவாகக் கேட்டவர் இதற்குச் சம்மதிக்கவில்லை. அவரை விட்டுவிட்டோம். விலைப்புள்ளிகள் மூன்றும் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

‘ஏன் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு முழுசாகப் புதிதே போடக் கூடாது?’ என்று இளைஞர்கள் கேட்டார்கள். ‘அந்தக் காலத்து இரும்பு, இன்னும் அம்பது வருஷம் தாங்கும், தொடாதீர்கள்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். இரண்டு பேச்சிலும் பாதி பாதி சரி. கூண்டு ஓடும் தண்டவாளங்கள் நன்றாக இருக்கின்றன. கூண்டின் உருக்குச் சட்டம், எதிர்ப்பாரத்தின் சட்டம் இரண்டையும் பொறியாளர் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, இருக்கட்டும் என்றார். அவற்றை மாற்றினால் வீண்விரயம். தேய்கிறவை, சூடாகிறவை, கருகுகிறவை எல்லாம் போக வேண்டும்: மோட்டார், கயிறுகள், கவர்னர், கதவுகள், மூளைப் பலகை, கூண்டோடு தொங்கி வரும் ஒயர்கள், பொத்தான்கள். செலவில் மூன்றில் இரண்டு பங்கு உங்கள் கண்ணில் படாத இடங்களுக்கே போகிறது. புது லிஃப்ட்டில் ஏறி, ‘இவ்வளவு பணம் போட்டும் ஒன்றும் பளபளப்பாக இல்லையே’ என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு வருத்தமில்லை.

பளபளப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்க லிஃப்ட்டில் மட்டும் உட்சுவரில் பெரிய கண்ணாடி வைக்கிறோம். அழகுக்கு அல்ல. சக்கர நாற்காலியில் உள்ளே போகிறவருக்குத் திரும்ப இடம் இருக்காது. பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். கண்ணாடி இருந்தால் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், கதவு திறந்ததா என்பது தெரியும்.

இந்தப் பின்பக்க லிஃப்ட் விஷயத்தில்தான் நிர்வாகக் குழுவில் அதிக வாக்குவாதம் நடந்தது. நம்மிடம் இருப்பது இரண்டு. முன்பக்கம் இருப்பது எட்டுப் பேர் லிஃப்ட். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில் 544 கிலோ. அதன் வாசல் இப்போது குறுகலானது. எவ்வளவு முயன்றாலும் 800 மில்லிமீட்டருக்கு மேல் விரிக்க முடியாது, சுவர் இடம் தராது. பின்பக்கம் இருப்பது பதின்மூன்று பேர் லிஃப்ட், 884 கிலோ. கூண்டின் அகலம் 2,000 மில்லிமீட்டர், வாசல் 900 மில்லிமீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்கான லிஃப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நாம் அனைவரும் அறிந்தபடி, நம் மஹாலில் நிகாஹ் நடக்கும் நாள்களில் அந்த லிஃப்ட் பிரியாணி தேக்சாக்களுடையது. அதற்குப் போகும் வழியில் அடுப்பு, விறகு, வாடகைப் பாத்திரம், ஈரத் தரை. இத்தனை நாளும் பெரிய லிஃப்ட் தேக்சாவுக்கும் சின்ன லிஃப்ட் மனிதர்களுக்கும் இருந்துவந்திருக்கிறது.

இனி மாறுகிறது. பின்பக்க லிஃப்ட் எல்லோருக்குமான லிஃப்ட் ஆகும். தெருவிலிருந்து அதன் வாசல்வரை படியில்லாத சரிவுப் பாதை போடுகிறோம். வழியில் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. உள்ளே 1,000 மில்லிமீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பி. உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் பொத்தான்கள், அவற்றில் பிரெய்ல் புள்ளி எழுத்து. கதவு குறைந்தது ஐந்து விநாடி திறந்திருக்கும், மெதுவாகவே மூடும். எந்தத் தளம், கதவு திறக்கிறதா மூடுகிறதா என்று தமிழில் சொல்லும். பயண துஆவையும் ஒலிபரப்பலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார், நல்ல எண்ணம்தான். ஆனால் பார்வையில்லாதவர் தளத்தின் எண்ணைக் கேட்க வேண்டிய நேரத்தில் வேறு எந்த ஒலியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். துஆவை எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

தேக்சாக்கள் என்ன ஆகும்? மஹால் வாடகைக்கு எடுப்பவர்களும் பண்டாரிகளும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நிகாஹ் நாளில் விருந்துக்கு முன் ஒரு மணி நேரம், முடிந்தபின் ஒரு மணி நேரம் சாமான் ஏற்றலாம். அந்த நேரத்தில் நம் ஊழியர் ஒருவர் லிஃப்ட்டிலேயே நிற்பார். எடை மீறினால் லிஃப்ட் மணியடித்து நகராமல் நிற்கும். ‘ஒரு தேக்சாதானே’ என்று அதோடு மல்லுக்கட்ட முடியாது.

இது வெறும் பெருந்தன்மை அல்ல, சட்டமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் அரசுக் கட்டடம் மட்டுமல்ல, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடமும் வருகிறது. கல்வி, மருத்துவம், சமயம், பண்பாடு ஆகிய எதற்காகப் பயன்பட்டாலும் சரி. நம் கட்டடத்தில் இத்தனையும் இருக்கிறது. அணுகல் வசதி குறித்த விதிகளில் கட்டாயமாக்க வேண்டியவற்றைக் கட்டாயமாகவே வரையறுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் கூறியிருக்கிறது. லிஃப்ட்டுக்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. உரிமம் இல்லாமல் லிஃப்ட் ஓட்டக் கூடாது. இப்போது செய்கிற மாதிரி மாற்றங்களுக்கும் மின் ஆய்வுத் துறையின் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் ஓட்டுவோம். பெருநாள் வருகிறது, திறந்துவிடுங்கள் என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

சட்டம் இருக்கட்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். மூன்றாம் மாடிக் கணினி வகுப்பில் சேர ஒரு மாணவி மனுக் கொடுத்திருக்கிறார். சக்கர நாற்காலியில் வருபவர். மனு வந்து ஐந்து மாதமாகிறது. இடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், கணினி இருக்கிறது. வழிதான் இல்லை. பார்வையில்லாத இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் நபிகளாரின் பள்ளியில் பாங்கு சொல்லும் பொறுப்பில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வரலாறு உடைய சமுதாயத்தின் கட்டடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று குழுவில் ஒருவர் கேட்டார். யாரும் பேசவில்லை.

‘நாலு மாடிதானே, ஏறினால் உடம்புக்கு நல்லது’ என்கிறவர்களுக்கு: உண்மை. நடக்க முடிந்தவர்கள் ஏறுங்கள். போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு வரும் தம்பிகள் கட்டாயம் ஏறுங்கள்.

‘சிகிச்சைப் பிரிவை மட்டும் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தால் லிஃப்ட்டே வேண்டாமே’ என்றும் சிலர் சொன்னார்கள். பாதி யோசனையை ஏற்றுக்கொண்டோம். முதல் மாடியிலுள்ள பிசியோதெரபி பிரிவு அடுத்த வாரம் தரைத்தளத்தில் நம் அலுவலகம் இருக்கும் இடத்துக்கு வருகிறது. அலுவலகம் முதல் மாடிக்குப் போகிறது. ஆனால் மஹாலையும் வகுப்புகளையும் நூலகத்தையும் கீழே கொண்டுவர முடியாது. பேரனின் நிகாஹைக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்கிற பாட்டியை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இனி, பணம். இது பற்றித் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம், ஏனெனில் சந்தேகம் வரக்கூடிய இடம் இது. ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட லிஃப்ட்டுக்கு எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். ஜகாத் யாருக்கு என்பது தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் எட்டு வகையினராக வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்து அவருக்குச் சொந்தமாக வேண்டும். கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ ஆகாது என்பதே ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளின் நிலைப்பாடும். நம் உலமாக்களிடமும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். கல்வி உதவி நிதியையும் தொடவில்லை. இவ்வருட மனுக்களுக்கு உரிய தொகை தனியாகவே இருக்கிறது.

பிறகு எங்கிருந்து? மஹால் வாடகையில் ஒரு பகுதியைக் கட்டடப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி வந்ததில் 13 லட்சம் இருக்கிறது. வக்ஃபு செய்யப்பட்ட சொத்தின் வருமானத்தில் முதலில் அந்தச் சொத்தையே பழுதின்றிக் காக்க வேண்டும், பிறகுதான் பிறவற்றுக்குப் பங்கு என்பது ஃபிக்ஹ் நூல்களில் வழக்கமாகக் காணும் விதி. கட்டடத்தைத் தந்துவிட்டுப் போனவர்களின் ஸதகா ஜாரியா ஓட வேண்டுமென்றால் கட்டடத்துக்குள் மனிதர்கள் வர முடிய வேண்டும் அல்லவா? மீதி 9 லட்சம் லில்லாஹ் நன்கொடையாக வேண்டும். ‘லிஃப்ட்’ என்று எழுதித் தனி ரசீது தருவோம். அந்தப் பணம் வேறு செலவுக்குப் போகாது. ஜகாத்தாகக் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதில் சேர்க்காமல் ஜகாத் ரசீதிலேயே கொடுங்கள்.

நன்கொடையாளர் பெயரை லிஃப்ட்டுக்குள் கல்வெட்டாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று கருதுகிறோம். கூண்டுக்குள் இரண்டே பலகைதான்: எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒன்று; சிக்கிக்கொண்டால் அழைக்க வேண்டிய எண் இன்னொன்று. மூன்றாவது பலகை வந்தால் அந்த எண்ணை யாரும் படிக்க மாட்டார்கள்.

சிக்கிக்கொள்வதைப் பற்றியும் பேசிவிடுவோம். கரண்ட் போய் நடுவில் நின்றால் இதுவரை வாட்ச்மேன் ஓடிவர வேண்டும். புது ஏற்பாட்டில் பேட்டரியால் இயங்கும் மீட்புக் கருவி இருக்கிறது. கரண்ட் போன சில விநாடிகளில் அதுவே கூண்டை மெதுவாகப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். வேறு பழுதால் நின்றால், உள்ளிருக்கும் மணிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு எரியும், காவலரோடு பேசலாம். காற்று தீர்ந்து மூச்சு முட்டிவிடும் என்று பலர் பதறுகிறார்கள். கூண்டு காற்றுப்புகாத பெட்டி அல்ல. காற்று வர வழி இருக்கிறது. உட்கார்ந்து காத்திருந்தால் ஆபத்து இல்லை. பாதி வழியில் நிற்கும் கூண்டிலிருந்து கதவை நெம்பித் திறந்து குதிப்பதும், வெளியிலிருந்து கையைப் பிடித்து இழுப்பதும்தான் ஆபத்து. இழுக்கும் நேரத்தில் கூண்டு நகரலாம். கால் சறுக்கினால் கூண்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் விழலாம்.

மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கை விடுவித்துக் கூண்டை நகர்த்துவது பயிற்சி பெற்றவர் வேலை. பலருக்குத் தெரியாத ஒன்று: கூண்டின் எடையோடு பாதிப் பாரத்தையும் சேர்த்த அளவுக்கு மறுபுறம் எதிர்ப்பாரம் தொங்குகிறது. ஆகவே உள்ளே ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும்போது பிரேக்கை விட்டால் கூண்டு கீழே போகாது, மேலே போகும். இது தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு கை வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் காவலர்கள் இருவருக்கும் அலுவலகத் தம்பி ஒருவருக்கும் ஒப்பந்தத்தின்படி கம்பெனியே பயிற்சி தரும். மற்ற யாருக்கும் மோட்டார் அறைச் சாவி கிடையாது; நிர்வாகிகளுக்கும்தான். தீப்பிடித்தால் மட்டும் லிஃப்ட் வேண்டாம், படிதான். முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி இறக்க ஒரு குழு அமைக்கிறோம். இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.

வேலை ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே நின்றுபோன முன்பக்க லிஃப்ட் முதலில். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அது உரிமத்தோடு ஓடத் தொடங்கிய பிறகே பின்பக்கத்ததைக் கழற்றுவோம். ஒரே நேரத்தில் இரண்டும் நிற்காது. பின்பக்க வேலை நடக்கும் இரண்டு மாதமும் மஹால் விருந்துக்குத் தேக்சாக்கள் படி வழியாகத்தான் போக வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். சிரமம் என்று கருதுபவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அல்லது முன்பணத்தை முழுதாகத் திரும்பப் பெறலாம். வேலை முடிந்த முதல் வருடம் பழுது செலவு கம்பெனியுடையது. அதன்பின் உதிரிபாகங்களையும் சேர்த்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம். மாதாமாதம் வந்து பார்த்தவர் கையெழுத்திட்ட அட்டை லிஃப்ட் வாசலிலேயே தொங்கும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகம் முதல் மாடிக்குப் போவதாகச் சொன்னோம். நன்கொடை கட்டவோ மனுக் கொடுக்கவோ வரும் பெரியவர்கள் அதற்காகப் படி ஏற வேண்டாம். தரைத்தள மருந்தகத்தில் மணி இருக்கும். அழுத்தினால் எங்களில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு இறங்கி வருவோம். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். எழுத்தில் தர விரும்புகிறவர்களுக்குப் பெண்கள் பகுதியிலும் தாள் வைத்திருக்கிறோம்.